டெஸ்க்டாப்பில் குந்திக்கொண்ட ஃபோல்டர்: ஃபார்மட் அடிக்கத்தான் வேண்டுமா?

மே 4, இரவு 8.15

குடியாத்தத்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பதை அப்படியே போடுகிறேன்: "அண்ணா, டெஸ்க்டாப்ல ஒரு ஃபோல்டர் பத்து நாளா போவாம குந்திக்கினு கீது. டெலிட் அழுத்தினா எரர், ரீசைக்கிள் பின்ல இழுத்துப் போட்டாலும் எரர், பேர் மாத்தினாலும் எரர். சர்வீஸ் கடையில ஃபார்மட் அடிச்சு புதுசா ஓஎஸ் போடணும்னு சொல்றாங்க. அடிச்சிடலாமா?"

அடிக்காதீர்கள். இதை எழுதிவிட்டுத்தான் சாப்பிடப் போகிறேன். ஒரு ஃபோல்டருக்காக ஃபார்மட் அடிப்பது, எலி புகுந்ததென்று வீட்டை இடிக்கிற கதை. என்ன எரர் என்று முழுசாகப் படித்து எழுதுங்கள். எல்லாரும் "எரர் வருது" என்று மட்டும் சொல்கிறார்கள், அந்தப் பெட்டிக்குள் என்ன எழுதியிருக்கிறது என்று யாரும் படிப்பதில்லை. பாதி வைத்தியம் அதிலேயே இருக்கிறது.

மே 4, இரவு 9.40

சாப்பிட்டாயிற்று. கத்திரி இன்றைக்குத்தான் ஆரம்பம், இந்த நேரத்திலும் மொட்டை மாடித் தரை சுடுகிறது. பதில் வருவதற்குள் பொதுவாக நாலு விஷயம்.

முதலில் எஃப் 5. சில சமயம் ஃபைல் எப்போதோ போயிருக்கும், படம் மட்டும் திரையில் தங்கியிருக்கும். அதற்கும் அசையவில்லை என்றால் டாஸ்க் மேனேஜரில் விண்டோஸ் எக்ஸ்ப்ளோரரைத் தேடி ரீஸ்டார்ட் கொடுங்கள். டாஸ்க்பார் ஒரு நொடி காணாமல் போய்த் திரும்பும், பயப்பட வேண்டாம்.

"வேறு புரோகிராமில் திறந்திருக்கிறது" என்று எரர் சொன்னால் அது வேறு ஜாதி. "அனுமதி இல்லை" என்றால் இன்னொன்று. "கண்டுபிடிக்க முடியவில்லை" என்றால், அதுதான் வேடிக்கையானது, கண்ணெதிரே இருப்பதை இல்லை என்று சாதிக்கும்.

மே 4, இரவு 10.05

அந்த வேடிக்கையானதேதான். "குட் நாட் ஃபைண்ட் திஸ் ஐட்டம்" என்று வருகிறதாம். ஃபோல்டரின் பெயர் "கல்யாண பத்திரிகை பைனல்". தங்கை கல்யாணமாம், வாழ்த்துகள். பெயரின் கடைசியில் புள்ளியோ இடைவெளியோ இருக்கிறதா என்று கேட்டிருக்கிறேன்.

மே 4, இரவு 10.50

இருக்கிறது! கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி. படத்தில் பார்த்தேன், "பைனல்." என்று முடிகிறது. 'ல்' தலைமேல் ஒரு புள்ளி, பக்கத்தில் இன்னொரு புள்ளி. முதல் புள்ளி தமிழுக்கு வேண்டும், இரண்டாவது புள்ளி விண்டோஸுக்கு ஆகாது.

விஷயம் இதுதான். நீங்கள் ஒரு பெயரைக் கொடுத்தால் விண்டோஸ் அதன் வாலில் இருக்கிற புள்ளியையும் வெற்றிடத்தையும் நறுக்கிவிட்டுத்தான் வட்டில் தேடும். வட்டில் இருப்பது புள்ளியோடு, தேடுவது புள்ளியில்லாமல். அந்தப் பெயரில் ஒன்றும் இல்லை என்று பதில் வருகிறது. பொய் சொல்லவில்லை பாவம், தப்பான வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஆள் இல்லை என்கிறது. தபால்காரர் வேலூர் சத்துவாச்சாரி பேஸ் 2 கடிதத்தை பேஸ் 1-இல் தேடிவிட்டுத் திருப்பி அனுப்பின மாதிரி.

நறுக்காமல் தேடு என்று சொல்ல ஒரு வழி உண்டு. கமாண்ட் பிராம்ப்ட் என்கிற கறுப்புத் திரையில் ஃபோல்டர் இருக்கிற முழுப் பாதையையும் அடித்து, அதற்கு முன்னால் \\?\ என்று சேர்க்க வேண்டும், அதாவது இரண்டு பேக்ஸ்லாஷ், ஒரு கேள்விக்குறி, மறுபடி ஒரு பேக்ஸ்லாஷ். இந்த முன்னொட்டு இருந்தால் பெயரைத் திருத்தாமல் அப்படியே எடுத்துக்கொள்ளும். அழிக்கிற கட்டளை, ஃபைலாக இருந்தால் டெல் (del), ஃபோல்டராக இருந்தால் ஆர்டி (rd), அதோடு உள்ளே இருப்பதையும் சேர்க்கச் சொல்கிற ஸ்லாஷ் எஸ் (/s). பாதை முழுவதையும் இரட்டை மேற்கோளுக்குள் போடுங்கள், கடைசிப் புள்ளியை விட்டுவிடாதீர்கள்.

மே 4, இரவு 11.35

நிறுத்துங்கள். படுத்த பிறகுதான் உறைத்தது. ஆர்டி போட்டால் உள்ளே இருப்பதும் சேர்ந்து போய்விடும், ரீசைக்கிள் பின்னுக்குக்கூடப் போகாது. உள்ளே தங்கையின் பத்திரிகை இருக்கிறது! அழிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டீர்கள், நானும் அழிக்க வழி சொன்னேன், உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை. முதலில் பெயரை மாற்றுங்கள். அதே முன்னொட்டோடு பழைய பெயர், பக்கத்தில் புள்ளி இல்லாத புதுப் பெயர், முன்னால் பெயர் மாற்றுகிற கட்டளையான ரென் (ren). மாறிவிட்டால் சாதாரண ஃபோல்டர் மாதிரி திறக்கும்.

மே 5, காலை 7.20

நல்லவேளை. ராத்திரி பதினொன்றுக்கு அங்கே கரண்ட் போய்விட்டதாம், ஒன்றும் செய்யவில்லை. மின்வாரியத்துக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நன்றி சொல்கிறேன்.

மே 5, மாலை 6.30

திங்கட்கிழமை எனக்குப் பேச நேரம் இருக்காது. கடை கலெக்டர் ஆபீஸ் பக்கம், குறைதீர்க்கும் நாளன்று காலை எட்டிலிருந்தே மனு டைப் அடிக்க வரிசை நிற்கும். இன்றைக்கு ஆற்காட்டுப் பக்கத்துப் பெரியவர் ஒருவர் பட்டா மாறுதலுக்கு மனுவோடு வந்துவிட்டார். ஐயா, நீங்கள் ராணிப்பேட்டை கலெக்டரிடம் போக வேண்டும் என்றால், "நான் பொறந்ததுலேர்ந்து வேலூருதான்" என்கிறார். 2019-இல் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்ததை அவர் இன்னும் ஏற்றுக்கொள்ளவில்லை. 1989-இல் திருவண்ணாமலை தனியாகப் போனதையே எங்கள் அப்பா கடைசிவரை ஏற்கவில்லை, கடிதத்தில் முகவரி வ.ஆ. (வட ஆற்காடு) மாவட்டம் என்றுதான் எழுதுவார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ரென் கட்டளையும் குடியாத்தம் தம்பிக்கு நடக்கவில்லை. காரணம் என் மரமண்டைக்கு எட்டியிருக்க வேண்டும்: பெயர் தமிழில் இருக்கிறது. அந்தக் கறுப்புத் திரையில் தமிழ் கட்டம் கட்டமாக வருகிறது, அடிப்பது சரியா தப்பா என்றே தெரியவில்லை.

அதனால் குட்டிப்பெயர் வழியைச் சொன்னேன். விண்டோஸுக்கு முந்தைய டாஸ் காலத்துப் புரோகிராம்களுக்காக நீளமான பெயர் ஒவ்வொன்றுக்கும் எட்டெழுத்தில் ஒரு குட்டிப்பெயர் விண்டோஸ் தானே வைத்திருக்கும், டிர் ஸ்லாஷ் எக்ஸ் (dir /x) போட்டால் தெரியும், அந்தப் பெயரை வைத்துப் பிடிக்கலாம். எத்தனையோ தடவை இதனால் பிழைத்திருக்கிறேன்.

மே 5, இரவு 9.15

குட்டிப்பெயர் இருக்க வேண்டிய இடம் காலி என்கிறார். மற்ற எல்லாவற்றுக்கும் இருக்கிறது, இதற்கு மட்டும் இல்லை. அப்படியானால் இந்த ஃபோல்டரை வைத்தது விண்டோஸே இல்லை. கடைசியாக அந்த சிஸ்டத்தை யார் தொட்டார்கள் என்று கேளுங்கள் தம்பி.

மே 5, இரவு 9.50

அக்கா மகன். இன்ஜினியரிங் படிக்கிறானாம். போன மாதம் விண்டோஸ் கிளம்பாமல் நின்றபோது பென்டிரைவில் லினக்ஸ் என்ற இன்னொரு ஓஎஸ்ஸைப் போட்டு, அதிலிருந்து சிஸ்டத்தைக் கிளப்பி, ஃபைலையெல்லாம் காப்பாற்றிக் கொடுத்திருக்கிறான். கெட்டிக்காரப் பையன். போகிற போக்கில் பத்திரிகை டிசைனையெல்லாம் ஒரே ஃபோல்டரில் சேர்த்து டெஸ்க்டாப்பிலேயே வைத்து, நல்ல பழக்கமாக முற்றுப்புள்ளியும் வைத்திருக்கிறான். லினக்ஸுக்குப் பெயரின் கடைசியில் புள்ளி இருந்தால் ஒன்றும் இல்லை. விண்டோஸின் வட்டிலேயே எழுதினாலும் அப்படியே எழுதிவிடும், குட்டிப்பெயரும் வைக்காது. தமிழாசிரியர் பார்த்தால் சந்தோஷப்பட்டிருப்பார், விண்டோஸ் படவில்லை.

முடிவு சுலபம். பையனைக் கூப்பிடுங்கள், அதே பென்டிரைவ், அதே லினக்ஸ், புள்ளியை மட்டும் எடுக்கச் சொல்லுங்கள். போட்டவனே எடுக்கட்டும்.

மே 6, மதியம் 2.10

பையன் ஹாஸ்டலில் இருக்கிறானாம், சனிக்கிழமைதான் வருவானாம். சரி, அதுவரை அந்த ஐகான் இருந்துவிட்டுப் போகட்டும், சோறா கேட்கிறது.

நடுவில் ஒருவர் "அண்ணா, இதேபோல சி ஓ என் என்று ஃபோல்டர் வைக்க முடியாதாமே, பில் கேட்ஸாலேயே முடியாதாமே" என்று கேட்டிருக்கிறார். அந்த மெயில் இன்னும் உயிரோடு இருக்கிறதா! நான் பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்த காலத்திலேயே சுற்றியது, ஓர் இந்தியர் கண்டுபிடித்தார், மைக்ரோசாஃப்ட்டே திகைத்தது என்று. திகைக்க ஒன்றும் இல்லை. கான் என்றால் கன்சோல், அதாவது கீபோர்டும் திரையும். பிஆர்என் பிரிண்டர். 1981-இல் டாஸ் வந்தபோது அதில் ஃபோல்டர் என்ற பேச்சே கிடையாது, இந்தப் பெயர்களை அடித்தால் அது சாதனம் என்று அர்த்தம். 1983-இல் 2.0-இல் ஃபோல்டர் வந்தபோது பழைய புரோகிராம்கள் ஓட வேண்டுமே என்று, எந்த ஃபோல்டருக்குள் இருந்தாலும் அந்தப் பெயர் சாதனத்துக்குத்தான் என்று விட்டுவிட்டார்கள். பரம்பரைச் சொத்து மாதிரி இன்றுவரை வருகிறது. பில் கேட்ஸுக்கும் \\?\ போட்டால் வைக்க முடியும், அழிக்கவும் அதே முன்னொட்டுதான்.

மே 7, இரவு 10.30

ஆரணியிலிருந்து ஒரு அம்மா. அவருடையது வேறு மாதிரி: டெலிட் செய்தால் போகிறது, மறுநாள் திரும்ப வந்து நிற்கிறது. இதற்கு நான் முதலில் எழுதிய "வைரஸாக இருக்கலாம்" என்ற பதிலை அழித்துவிட்டேன், பார்த்தவர்கள் மன்னிக்கவும். ஒரு பிரவுசரின் ஷார்ட்கட்தான் அது. ஒவ்வொரு அப்டேட்டுக்கும் தன்னைத்தானே டெஸ்க்டாப்பில் ஒட்டிக்கொள்கிறது, தேர்தல் போஸ்டர் மாதிரி.

இதில் தெரிந்துகொள்ள வேண்டியது, டெஸ்க்டாப் என்று நாம் பார்ப்பது ஒரே இடம் இல்லை. உங்கள் பெயரில் ஒரு ஃபோல்டர், அந்த சிஸ்டத்தில் இருக்கிற எல்லாருக்கும் பொதுவாக பப்ளிக் என்ற பெயரில் மறைவாக இன்னொரு ஃபோல்டர், இரண்டையும் ஒன்றாகக் கலந்துதான் திரையில் காட்டும். பொது ஃபோல்டரில் இருப்பதைத் தொட்டால் அட்மின் பாஸ்வேர்ட் கேட்கும். பள்ளியிலும் ஆபீசிலும் "எனக்கு மட்டும் டெலிட் ஆகவில்லை" என்று வருவதில் முக்கால்வாசி இதுதான். இணையத்தில் ஃபைலைச் சேர்த்து வைக்கிற ஒன்டிரைவ் போட்டிருந்தால் இன்னொரு குழப்பம், டெஸ்க்டாப்பையே தன் ஃபோல்டருக்குள் இழுத்துக்கொண்டிருக்கும், வீட்டு லேப்டாப்பில் வைத்தது கடை சிஸ்டத்தில் வந்து நிற்கும்.

மே 8, மாலை 5.45

இன்னொரு வகையை விட்டுவிட்டேன். ஃபைலே இல்லாத ஐகான். ரைட் கிளிக் செய்தால் டெலிட் என்ற வரியே வராது. ரீசைக்கிள் பின் அப்படிப்பட்டது, அதை ரீசைக்கிள் பின்னிலேயே போட முடியுமா? அது வட்டில் கிடக்கிற ஃபைல் இல்லை, விண்டோஸ் தன் செட்டிங்ஸை எழுதி வைக்கிற ரெஜிஸ்ட்ரியில் ஒரு வரி. செட்டிங்ஸில் தீம்ஸ் போய் டெஸ்க்டாப் ஐகான் செட்டிங்ஸில் டிக்கை எடுத்தால் மறையும்.

என் மச்சினியின் லேப்டாப்பில் "லேர்ன் அபவுட் திஸ் பிக்சர்" என்று ஒன்று மூலையில் நின்றது. விண்டோஸ் 11. மூன்று நாள் அதோடு மல்லுக்கட்டியிருக்கிறார், கடைசியில் "மாமா, இதைத் தூக்கிக் கொடுத்தா மக்கன்பேடா வாங்கித் தரேன்" என்றார். வால்பேப்பர், விண்டோஸே படத்தை மாற்றிக்கொண்டிருக்கிற ஸ்பாட்லைட்டில் இருந்தால் அந்த ஐகான் கூடவே வரும், படத்தோடு ஒட்டிப் பிறந்தது. பேக்ரவுண்டை பிக்சர் என்று மாற்றினேன், போய்விட்டது. பத்து வினாடி. ஆனால் நான் ஒரு மணி நேரம் ரெஜிஸ்ட்ரியில் அலைந்த பிறகுதான் அந்தப் பத்து வினாடி வந்தது, அதை மச்சினியிடம் சொல்லவில்லை. பேடா வந்தது.

மே 9, இரவு 8.00

"திறந்திருக்கிறது" வகைக்கு யாரோ ஷட்டவுன் செய்து ஆன் செய்யச் சொல்லியிருக்கிறார். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். விண்டோஸ் 8-க்கு அப்புறம் அது அவ்வளவு சரியில்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் இருந்தால் ஷட்டவுன் என்பது அரைத் தூக்கம், நம் புரோகிராம்கள் மூடப்படும், உள்ளே இருக்கிற கர்னலை, அதாவது விண்டோஸின் மையப் பகுதியை, வட்டில் எழுதி வைத்துவிட்டு மறுநாள் அப்படியே எடுத்துக்கொள்ளும். பின்னணியில் ஏதாவது சர்வீஸ் ஃபைலைப் பிடித்திருந்தால் காலையிலும் பிடித்தபடியே எழுந்திருக்கும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் முழுசாக விடும். பெயர்களைப் பார்த்தால் தலைகீழாகத்தான் தோன்றும்.

யார் பிடித்திருக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமானால் ரிசோர்ஸ் மானிட்டரில் சிபியு பக்கத்தில் ஹேண்டில்ஸ் தேடும் பெட்டி இருக்கிறது, ஃபைல் பெயரில் பாதி அடித்தால் போதும், ஆளைக் காட்டிக்கொடுக்கும். என் கடையில் பெரும்பாலும் பிரிண்டுக்குப் போன பிடிஎஃப்தான், எங்கோ ஒரு விண்டோ மினிமைஸில் தூங்கிக்கொண்டிருக்கும்.

மே 9, இரவு 11.20

சர்வீஸ் கடை நடத்துகிற ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "ஃபார்மட் அடிக்காதீங்கன்னு சொல்றது சுலபம், கஸ்டமர் உக்காந்து பாத்துக்கினு இருக்கும்போது நீங்க ரெண்டு மணி நேரம் ஆராய்ச்சி பண்ணுவீங்களா" என்று. நியாயம். ஆராய்ச்சிக்குக் காசு தரமாட்டார்கள், ஃபார்மட்டுக்குத் தருவார்கள். நானும் அடித்தவன்தான்.

2009. பென்டிரைவ் வைரஸ் காலம். அப்போது நானும் சர்வீஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். குடியாத்தத்தில் லுங்கி தறி வைத்திருந்த ஒருவர் சிபியுவைத் துணியில் சுற்றி பஸ்ஸில் மடியில் வைத்து எடுத்து வந்தார். டெஸ்க்டாப்பில் ஃபோல்டர் படம் போட்ட ஃபைல்கள், அழித்தால் மறுபடி முளைக்கும். உள்ளே ஒன்றும் இல்லை, ஒவ்வொன்றும் இஎக்ஸ்இ, அதாவது ஃபோல்டர் வேஷம் போட்ட புரோகிராம். எனக்குத் தெரியும் என்ற தெனாவட்டு. அவர் "டெஸ்க்டாப்ல டிசைன் கணக்கு கீது சார், அது பத்திரம்" என்றார். டெஸ்க்டாப்பைத் திறந்து, கண்ணுக்குத் தெரிந்த நல்ல ஃபைல்களையெல்லாம் டி டிரைவுக்குக் காப்பி செய்துவிட்டு சி-யை அடித்துவிட்டேன்.

அந்த வைரஸ் செய்கிற வேலை என்னவென்றால், உண்மையான ஃபோல்டரை ஹிட்டன், சிஸ்டம் என்று இரண்டு பூட்டுப் போட்டு மறைத்துவிட்டு, அதே பெயரில் தன்னை வைத்துக்கொள்ளும். நான் அழித்துக்கொண்டிருந்த ஒவ்வொரு போலிக்குப் பின்னாலும் அசல் உட்கார்ந்திருந்தது. அட்ரிப் என்று ஒரே ஒரு கட்டளை போட்டிருந்தால் எல்லாம் வெளியே வந்திருக்கும். டெஸ்க்டாப் சி டிரைவில்தான் இருக்கிறது என்பது எனக்குத் தெரியாதா, தெரியும். பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

போனது எக்செல் ஷீட்கள். எந்தக் கட்டத்துக்கு எந்தக் கலர் எத்தனை இழை என்று டிசைன் நம்பர் போட்டு எழுதி வைத்தவை. சாயந்திரம் வந்தவர் திரையைப் பார்த்தார். ஒரு பச்சைக் கட்டம் போட்ட லுங்கி கட்டியிருந்தார், அதன் ஓரத்தைப் பிரித்து விரலில் இழை எண்ணத் தொடங்கினார், எட்டோ பத்தோ எண்ணிவிட்டு நிறுத்திவிட்டார். "பரவாயில்ல சார், துணி கீதே, பாத்து எண்ணிக்கலாம்" என்றார். காசு வாங்க மாட்டேன் என்றேன், மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். அதோடு சர்வீஸை விட்டேன், மனுவும் ஜெராக்ஸும்தான்.

குடியாத்தம் தம்பியின் கேள்விக்கு முதல் வரியே "அடிக்காதீர்கள்" என்று ஏன் எழுதினேன் என்று கேட்டவருக்கும் இதுவே பதில்.

மே 10, மாலை 4.40

பையன் வந்துவிட்டான். லினக்ஸில் போய்ப் புள்ளியை எடுத்ததும் விண்டோஸில் ஃபோல்டர் ஒழுங்காகத் திறக்கிறது. உள்ளே பத்திரிகையின் ஆறு வடிவம், ஆறிலும் "பைனல்" இருக்கிறது.

பையனே இன்னொன்றும் சொன்னானாம்: லினக்ஸ் இல்லாமல், ஃபைலைச் சுருக்குகிற செவன்ஜிப் புரோகிராமின் ஃபைல் மேனேஜரில் போயும் இந்த மாதிரிப் பெயரை மாற்றலாம், அழிக்கலாம், கறுப்புத் திரையில் தமிழ் அடிக்கிற வம்பே இல்லை என்று. கடை சிஸ்டத்தில் ஒரு காலி ஃபோல்டர் செய்து பார்த்தேன், சரிதான். செவன்ஜிப் என் சிஸ்டத்தில் பல வருடமாக இருக்கிறது. இதை 4-ஆம் தேதியே நான் சொல்லியிருக்கலாம்.

மே 10, இரவு 9.30

தம்பி மறுபடியும்: "அண்ணா, இப்ப அத டெலிட் பண்ணிடலாமா?"

ஆறில் எது அச்சுக்குப் போனது என்று அச்சகத்தில் கேட்டு, அதை மட்டும் பென்டிரைவில் எடுத்து வையுங்கள். அப்புறம் தாராளமாக.

மே 11, காலை 6.50

கேட்டாராம். அச்சுக்குப் போனது ஆறிலும் இல்லை. அது வாட்ஸ்அப்பில் இருக்கிறதாம்.